வாரிசு என்று எழுதிய இடத்தில்

ஆயர் குரோ,
திங்கட்கிழமை.

அன்பு மகன் கவிநேசனுக்கு அம்மா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு வார்டில் இருந்தவர்கள் அப்பா, நான், உன் தங்கை திலகவதி, டுரியான் துங்காலிலிருந்து வந்த வீரமுத்து மாமா, தாதி உஷாராணி, ஆக ஐந்து பேர். யார் யார் இருந்தார்கள் என்று பிறகு கேட்பார்களாம், அதனால் நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். தெரியாதது இதுதான் ஐயா. நேற்று நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா திடீரென்று, எனக்கு ஏதாவது ஆயிட்டா கண்ணை எடுத்துக்கட்டும், வேற எது உதவுமோ அதையும் எடுத்துக்கட்டும், எல்லாரும் கேட்டுக்குங்க என்று சொல்லிவிட்டார். புக்கிட் ரம்பாயில் அப்பாவோடு லோரி ஓட்டிய முனியாண்டி அண்ணன் யாரோ கொடுத்த கண்ணால்தான் இப்போது பேத்தி முகத்தைப் பார்க்கிறாராம், அதிலிருந்தே மனதில் இருந்ததாம். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்து வருசமா கண்ணாடி போட்ட கண்ணு மச்சான், அதை எவன் வாங்குவான் என்று பேச்சை மாற்றப் பார்த்தார். அப்பா விடவில்லை, கண்ணாடியையும் சேத்தே குடுத்துடு லா என்றார். திலகவதி சிரித்தாள், உடனே அழுதாள். நான் கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டேன்.

வெளியே வந்து உஷாராணியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவளாம். அங்கிள் எழுதிக் குடுக்கலாம், சீக்கா இருக்கும்போது ரெண்டு பேர் காதுல விழ வாயால சொன்னாலும் சட்டத்துல எடுபடும் ஆண்ட்டி, ஆனா அவரு போனப்புறம் வீட்டு ஆளுங்களைக் கேக்காம யாரும் தொட மாட்டாங்க, நீங்க வேணாம்னா வேணாம்தான் என்றாள். யாரைக் கேட்பார்கள் என்றேன். வாரிஸைத்தான் என்றாள்.

அப்போதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. அப்பாவைச் சேர்த்த அன்று ஃபாரத்தில் வாரிஸ் என்று ஒரு கோடு இருந்தது. எனக்குத் தெரிந்த மலாய் கடைத்தெரு மலாய்தானே. வாரிசு என்றால் மகன்தானே என்று உன் பேரை எழுதி உன் போன் நம்பரையும் போட்டுவிட்டேன், மனதுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொன்னதும் உஷாராணி தலையில் அடித்துக்கொண்டாள். ஐயோ ஆண்ட்டி, இது சொத்துக்கு இல்ல, மலாய்ல வாரிஸ்னா நெருங்குன சொந்தம், மொதல்ல பொஞ்சாதி, அப்புறம்தான் பிள்ளைங்க, மாமா சித்தப்பாவெல்லாம் அதுக்கும் அப்புறம் என்றாள். கவுண்டரில் சொன்னால் மாற்றித் தருவார்கள் என்றும் சொன்னாள்.

நான் மாற்றவில்லை கவிநேசா. கவுண்டர் வரைக்கும் போய்விட்டு, பேனா இல்லை என்று திரும்பி வந்தேன். பேனா கைப்பையில்தான் இருந்தது. நீ அங்கே வேலையில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து யாரோ கூப்பிட்டு, உங்கள் அப்பா கண்ணை எடுக்கலாமா என்று கேட்கட்டும், நான் கேட்க வேண்டாம், நான் சொல்ல வேண்டாம் என்றுதான் அப்படியே விட்டேன். பெற்ற தாய் செய்கிற வேலையா இது. இன்று காலை விளக்கேற்றும்போது முருகன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கோயில் குருக்களிடமும் கேட்டேன். தோஷம் ஒன்றும் இல்லை, வீட்டில் எல்லாரும் ஒத்துப்போனால் சரி என்றார். அந்த எல்லாரும்தான் எனக்குப் பயம். வேண்டாம் என்றால் என்னோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்த மனுஷன் கடைசியாகக் கேட்டதைத் தட்டியவள் ஆவேன். சரி என்றால் உன் மாமா என்னோடு பேசமாட்டார், அதைக்கூடத் தாங்குவேன். போனில் இதைப் பேச முடியாது, அப்பா பக்கத்திலேயே காது கொடுத்துக்கொண்டு இருக்கிறார். அதனால்தான் எழுதித் திலகவதியிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். அவளும் ஸ்கூலுக்கு லீவு போட்டு ராத்திரியும் பகலும் அலைகிறாள், நீ தனியாக அவளிடம் இரண்டு வார்த்தை பேசு. நான் அனுப்பிய திருநீறு தீர்ந்திருந்தால் சொல். வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

புதன்கிழமை காலையில் கவுண்டருக்குப் போய் உன் பேரை அடித்து என் பேரை எழுதிவிடுவேன், அதைத் தீர்மானித்துவிட்டேன். கேட்டால் நானே பதில் சொல்கிறேன். ஆனால் கொள்ளி வைக்கப்போகிறவன் நீ. நான் சரி என்று சொல்லி, அப்படி ஒரு நாள் வந்து, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் அம்மா இப்படிச் செய்தாய் என்று நீ என்னைக் கேட்பாயா, மாட்டாயா. அது ஒன்று தெரிந்தால் போதும். அந்த நாள் வரக்கூடாது என்றுதான் வெள்ளிக்கிழமை விரதம் நேர்ந்திருக்கிறேன்.

முருகன் உன்னைக் கண்போலக் காக்கட்டும். எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன், அடிக்கவில்லை, இருக்கட்டும்.

உன் அம்மா,
ராஜம்மா

நாளை செவ்வாய் ராத்திரிக்குள் பதில் போடு ஐயா.