முதல் பத்தியை நம்பும் அண்ணியிடமிருந்து

என் செல்ல மங்கைக்கு,

இந்தக் கடிதத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உடனே கீழே ஓடிப்போய் ‘ஆனால்’ எங்கே என்று தேடாதே. ஒரு தடவையாவது வரிசையாக வாசி.

உன்னோடு சேர்ந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மங்கை என் கணவரின் தங்கை. நாத்தனார் என்றதும் நீங்கள் நினைக்கிற எதுவும் அவளிடம் கிடையாது, வாய் மட்டும் உண்டு. போன ஆண்டு புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

சிங்கப்பூரில் ஜூரோங் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவிலேயே வேர் விட்டு உட்கார்ந்திருந்த என்னை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னது நீதானே? “உங்ககிட்ட வேலை பழகுனவங்கல்லாம் மேனேஜர் ஆயிட்டாங்க அண்ணி. நீங்க இன்னும் அவங்க ப்ரமோஷனுக்கு கேக் வெட்டிக்கிட்டு இருக்கீங்க” என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கேக் வெட்டியது உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

நுழைவுத் தேர்வில் கணக்கு எனக்குப் பிரச்சினையே இல்லை. ஆங்கிலப் பகுதிதான் காலை வாரிவிட்டது. சொல்வளம் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கச் சொற்களை எழுதி ஒட்டினேன். பால் எடுக்க வரும்போதெல்லாம் உன் அண்ணன் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டும். பாவம், மனிதர் பாலில்லாத கோப்பிக்கு மாறிவிட்டார். இரண்டாம் முறை என் மதிப்பெண் இன்னும் இறங்கியது.

அப்போது நீ சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தாய். புக்கிட் மேரா வீட்டுச் சோபாவில் தலைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு, நான் தப்பு விட்ட பயிற்சிக் கேள்விகளை வாங்கிப் பார்த்தாய். தஞ்சோங் பகார் அலுவலகத்தில் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதுவதுதானே உன் வேலை. பாராட்டு, எச்சரிக்கை, இந்த ஆண்டு சம்பள உயர்வு இல்லை, எல்லாம் உன் கையால்தான் போகும். கொஞ்ச நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தாய்.

“அண்ணி, உங்களுக்கு இங்கிலீஷ் பிரச்சினை இல்ல லா. நீங்க எல்லாத்தையும் நம்பிடுறீங்க.”

“நான் என்னத்த நம்புனேன்?”

“‘பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்’னு முதல் வரியில போட்டிருக்கு. உடனே நீங்களும் அவங்களோட சேர்ந்து நினைக்க ஆரம்பிச்சிட்டீங்க. எழுதுனவன் அவங்கள அடிக்கத்தான் கூட்டிட்டு வந்திருக்கான். கீழ பாருங்க, ‘ஹவெவர்’னு இருக்குல்ல? நான் ஆபீஸ்ல எழுதுறதும் இப்படித்தான். ‘உங்கள் உழைப்புக்கு நன்றி’ன்னு முதல் பத்தி சும்மா. ‘ஆனா’வுக்கு அப்புறம்தான் விஷயமே.”

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலைதான் கடைக்காரர் சொன்னதை நம்பி, ‘இன்னைக்கு வந்த’ மீனை வாங்கி வந்து குப்பையில் போட்டிருந்தேன்.

அதிலிருந்து நீ வைத்ததுதான் சட்டம். பத்தியை முழுதாகப் படித்துவிட்டு, எழுதியவர் யார் பக்கம் என்று தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விடைகளைப் பார்க்கலாம். முன்னாலேயே எட்டிப் பார்த்தால் தலையணை பறந்து வரும். உடம்பு முடியாத நாள்களில்கூட உன் குறி தப்பியதில்லை.

அந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் மருத்துவமனையில் அந்த நாள் வந்தது. டாக்டர், கட்டி சுருங்கியிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. லிஃப்ட் வாசலிலேயே உன் அண்ணனுக்கு போன் போட்டு, தேக்கா சந்தையில் பிரியாணி வாங்கி வரச் சொன்னேன். வீட்டில் நான் பரிமாறும்போது நீ மெல்லக் கேட்டாய்.

“அண்ணி, டாக்டர் ‘பட்’னு ஒண்ணு சொன்னாரே, கேட்டீங்களா?”

ஈரலுக்குப் பரவியிருந்தது. நான் கரண்டியும் கையுமாக நின்றேன். நீதான் என்னைக் கைபிடித்து உட்கார வைத்தாய்.

“பரவால்ல. முதல் பாதிய நம்புறதுக்கும் இந்த வீட்ல ஒரு ஆள் வேணும். கறித்துண்டு பெருசா போடுங்க.”

மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். உனக்குப் பயமாக இருந்ததா, மங்கை? நான் கேட்கவே இல்லை. அந்த மதியத்தை நினைத்தால் அழுகை வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. அவ்வளவு ருசியான பிரியாணியை அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

நீ போன பிறகு பல மாதங்கள் அந்தப் பயிற்சிப் புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை. மூன்றாவதுதான் கடைசி முறை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். இதிலும் போனால் கேக் கத்தியோடு ஓய்வு பெற வேண்டியதுதான். உன் அண்ணன் தானாக முன்வந்து உன் இடத்தில் உட்கார்ந்தார். மனிதர் என்னைவிட மோசம். எழுதியவர் யார் பக்கம் என்று நான் எதைச் சொன்னாலும் “சரியாத்தான் இருக்கு” என்பார். கடைசியில் உன் குரலில் நானே என்னை அதட்டிக்கொண்டேன்.

தேர்வில் பவளப் பாறைகளைப் பற்றி ஒரு பத்தி வந்தது. பல ஆய்வாளர்கள் வழக்கம்போல ஏதோ நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று கீழே இறங்கினேன். உதடு அசையாமல் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டேன். தலையணை வரவில்லை.

முடிந்ததும் திரையில் மதிப்பெண் வந்தது. பல்கலைக்கழகம் கேட்டதைவிட நன்றாகவே மேலே! எண்ணைப் பார்த்தும் நம்பாமல், கீழே வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கடைசி வரிவரை வாசித்தேன். எதுவும் இல்லை.

வெளியே வந்து ரயில் நிலைய வாசலில் நின்று உன் அண்ணனை அழைத்தேன். “என்னங்க, வந்துடுச்சுங்க” என்று கத்தியதில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சந்தோஷத்தில் தடுமாறி, “கோமு, மங்கைகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டுவிட்டார்.

பிறகு இருவருமே போனை வைக்கவில்லை. ஒரு ரயில் வந்து போனது. “சொல்லிடு கோமு” என்றார், அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன், மங்கை.

இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. யார் என்ன பேசினாலும் கடைசி வரி வரைக்கும் கேட்ட பிறகுதான் தலையாட்டுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. மீன்காரர் விஷயத்தில் மட்டும் உறுதி சொல்ல முடியாது.

என்றும் உன் அண்ணி,
கோமதி