வெயில் மணிக்கணக்கு

கண்டி,
12.6.1961

அன்புள்ள சிவபாக்கியத்துக்கு,

பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. தபாலில் படித்து லண்டன் பட்டம் எடுத்த என்னைத் தோட்டப் பள்ளி வாத்தியாராகவே முடக்கிய தோட்டத் துரையை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

தேயிலையில் கொப்புள நோய் எப்போது வருமென்று மழையளவை வைத்துக் கணித்துத் தோற்றேனே, அன்று கொழுந்துக் கூடையை இறக்கியபடி நீ சொன்னாய்: "மழைய விடுங்க. வெயில் கொறஞ்சாத்தான் கொப்புளம் வருது. அது எத்தன மணி அடிக்குதுன்னு எழுதுங்க. படிச்ச மனுசனுக்கு இதுகூடவா தெரியாது?" கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு வெயிலைத்தான் எழுதினேன். கணிப்பு பலித்தது.

நேர்முகத்தில் பேராசிரியர், "வெயில் யாருடைய யோசனை?" என்றார். "என்னுடையது" என்றேன். வாசல்வரை வந்தபின் மனம் ஒப்பவில்லை. இடம் போனாலும் போகட்டுமென்று திரும்பிப் போய், "என் மனைவியுடையது. கொழுந்து பறிக்கிறாள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆய்வின் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போடச் சொன்னார்.

உனக்கு நன்றி சொல்ல இதுவரை எனக்கு மனம் வந்ததில்லை. இப்போது வருகிறது.

உன் வீட்டுக்காரன்