மிஷினைக் கழுவிய மணல்

வாய் நிறைய "ஏட்டி கோமதி" என்று என்னைக் கூப்பிட்ட என் இசக்கி மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. முதல் திதி போன வாரம்தான் முடிந்தது. மும்பை மாட்டுங்காவில் நம் ஊர்க்காரர்கள் போடுகிற சங்க மலரில் உங்கள் படம் வரப்போகிறது. படத்துக்குக் கீழே நாலு வரி எழுதித் தரும்படி அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் பேனாவைக் கண்டாலே ஓடுகிற ஆள், என் தலையில் கட்டிவிட்டான். நாலு வரிக்குள் அடங்குகிற ஆளா நீங்கள்? சண்டை போட்டு இரண்டு பக்கம் வாங்கிவிட்டேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

முதலில் நல்ல செய்தி. சேலம் பக்கத்துக் குன்றிலிருந்து மூட்டை மூட்டையாக வந்ததே ஒரு வெள்ளைக்கல், நீங்கள் உடைத்து அரைத்த மேக்னசைட், அதற்குச் சூளை பற்றவைத்துவிட்டார்கள். முதல் மக்னீசியா வெளியே வந்துவிட்டது. கல்லைச் சுடச்சுடப் பாதி எடை காற்றாகப் போய்விடும், மிச்சம் நிற்பதுதான் மக்னீசியா. இரும்பு உருக்குகிற உலைகளுக்கு உள்ளே அடுக்குகிற செங்கல்லை அதில் செய்கிறார்கள். மாட்டுத் தீவனத்தில்கூடக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். "கல்லயா திங்குது மாடு?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். திங்கிறது மதினி, என்ன செய்ய?

அந்தச் சூளைக்குப் பின்னால் ஒரு பொய் இருக்கிறது. சொன்னது நான், சுமந்தது நீங்கள். அதை எல்லாரும் படிக்கிற இடத்தில் வைத்து உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இரண்டு பக்கம் கேட்டேன்.

நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாராவிக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உங்களுக்கு இருபத்து மூன்று. வீட்டில் எனக்கு மும்முரமாக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். "அவ படிப்ப முடிக்கட்டும். மாப்ள எங்கயும் ஓடிப் போயிர மாட்டான்" என்று நீங்கள் சொன்னீர்கள். வந்து மூன்று மாதம் ஆகாத மருமகள் மாமியார் முகத்துக்கு நேரே இப்படிப் பேசியதை நம் சந்தே ஒரு மாதம் வைத்து மென்றது. நான் கெமிஸ்ட்ரி முடித்தேன், செம்பூரில் கல்லும் தாதுவும் சோதிக்கிற லேபில் சேர்ந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு உங்களுக்கு நான் என்றைக்காவது நன்றி சொன்னேனா? ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன், நன்றி மதினி.

உங்கள் மகள் செல்வி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நீங்களும் வேலைக்கு வருகிறேன் என்றீர்கள். லேபில் கல் உடைத்து அரைக்கிற அறைக்கு ஆள் வேண்டியிருந்தது. நான்தான் கூட்டிப்போனேன், நான்தான் வேலை சொல்லிக்கொடுத்தேன். உடைத்த கல்லைத் தார்ப்பாயில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை அரைக்க எடுக்க வேண்டும், மற்ற இரண்டைப் பையில் கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். நீங்கள் பிரித்தால் ஒரு சிட்டிகை ஒரு பக்கம் சாயாது. கல்யாண வீட்டில் பலகாரம் பங்கு வைக்கிற நேர்த்தி.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கல்லை அரைத்து முடித்ததும், அடுத்ததைப் போடுவதற்கு முன்னால், ஒரு பிடி வெங்கச்சங்கல் மணலை, லேபில் குவார்ட்ஸ் என்கிறோமே அதை, போட்டு மிஷினை ஓட்ட வேண்டும். பழைய கல்லின் பொடி எங்காவது ஒட்டியிருந்தால் மணல் அதைச் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு மணலைக் கொட்டிவிட்டு பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். இரும்புக்கல் வந்தாலும் தாமிரக்கல் வந்தாலும் எங்கள் லேபில் அதுதான் வழக்கம். நீங்கள் ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை.

அப்போதுதான் அந்தக் குன்று வந்தது. ஒரு கம்பெனி அங்கே பள்ளம் தோண்டி, துளை போட்டு, கல் எடுத்து எங்களுக்கு அனுப்பியது. பைகளின் மேல் நம்பர் மட்டும் இருக்கும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது முக்கியமாக ஒன்று: கல்லில் சிலிக்கா எவ்வளவு? குறைவாக இருந்தால் சூளை கட்டுவார்கள். கொஞ்சம் ஏறினாலும் குன்றைக் கைவிட்டுவிடுவார்கள். நான் பொடியை அமிலத்தில் கரைத்தேன், கரையாமல் நின்றதை வடிகட்டிச் சுட்டு எடை போட்டேன். எல்லாப் பையிலும் சிலிக்கா தாறுமாறாக அதிகம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற உரிமை எனக்குக் கிடைத்து அப்போது இரண்டு மாதம்தான். அழகாக, பெரிதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். குன்று வேண்டாம் என்று கம்பெனி பதில் எழுதியது.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் நீங்கள் கேட்டீர்கள். சயான் சிக்னலில் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்தது.

"ஏட்டி, ஒரு சந்தேகம். அந்த வெள்ளக்கல்லு சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கலாத்தான இருக்கு? மிஷின் கிண்ணத்தத் தொடைக்கும்போது உள்ள மினுக்கு மினுக்குன்னு தெரியுதே?"

"அது நீங்க போடுற மணல் மதினி."

"நீ அந்தக் கல்லுல என்னத்தத் தேடுத?"

"சிலிக்கா."

"மணல்ல என்ன இருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெங்கச்சங்கல் முழுக்க முழுக்கச் சிலிக்காதான், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது எனக்குத் தோன்றாமல் உங்களுக்குத் தோன்றிவிட்டதே என்ற கோபம். "ஒடைக்கிறது உங்க வேல, மதினி. உள்ள என்ன இருக்குன்னு சொல்லுறது என் வேல. ரெண்டையும் நீங்களே பாத்தா நான் எதுக்கு?" என்று கத்தினேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிட்டி, கேட்டேன், அவ்வளவுதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போனதும், நீங்கள் கட்டி வைத்திருந்த மிச்சப் பை ஒன்றை எடுத்தேன். மணல் போடவில்லை. அதே கல்லில் ஒரு பிடி போட்டு அரைத்துக் கொட்டினேன், இன்னொரு பிடி அரைத்து அதையும் கொட்டினேன், மூன்றாவதைத்தான் சோதித்தேன். சிலிக்கா பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னும் மூன்று பைகள் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

பழைய மிஷின். கிண்ணத்தின் ஓரம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. எவ்வளவு துடைத்தாலும் அங்கே கொஞ்சம் மணல் தங்கி, அடுத்த கல்லோடு அரைபட்டது. தாமிரம் தேடுகிறவனுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. சிலிக்காவைத் தேடிக்கொண்டு சிலிக்காவாலேயே மிஷினைக் கழுவியது நான். முதல் ரிப்போர்ட்டை அனுப்புவதற்கு முன்னால், என் சோதனை சரிதானா என்று பார்க்க, அளவு தெரிந்த ஒரு பொடியை வைத்துச் சரிபார்க்கவும் செய்தேன். அது சரியாகத்தான் வந்தது, ஏனென்றால் பாட்டிலில் பொடியாகவே வாங்கியது, மிஷினுக்குள் போகவே இல்லை. என்ன படித்து என்ன மதினி?

பாட்டில் அடுக்குகிற அறையில் உங்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "கையெழுத்துப் போயிரும். வேலையே போயிரும்." நீங்கள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தீர்கள், ஏதோ நான்தான் செல்வி என்பது போல. "எம்மேல போடுட்டி. நான் போனா இன்னொரு வேல. நீ போனா இந்தச் சந்துலருந்து லேபுக்கு யாரு வருவா?" என்றீர்கள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை?

டைரக்டர் முன்னால் நின்று, "மிஷினைச் சுத்தம் செய்ததில் பிழை நடந்திருக்கிறது, எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்" என்றேன். யார் பிழை என்று சொல்லவில்லை. அங்கேதான் இருந்தது என் கெட்டிக்காரத்தனம். பின்னால் நின்ற நீங்கள் முன்னால் வந்து, உங்கள் நெல்லை ராகத்து இந்தியில், "கல்தி மேரா சாப், மணல் டீக் சே நை தட்டா" என்றீர்கள், தப்பு என்னுது, மணலைச் சரியாகத் தட்டவில்லை என்று. வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மறுசோதனையில் குன்று தேறியது. கம்பெனி திரும்பி வந்து இன்னும் ஆழமாகத் துளை போட்டது. எனக்கு நல்ல பெயர். உங்களை அரைக்கிற அறையிலிருந்து எடுத்து, கண்ணாடிக் குடுவை கழுவுகிற தொட்டிக்கு மாற்றினார்கள். அமிலம் பட்டு உங்கள் விரல் நுனி வெடித்துக் கிடந்தது. அதே விரலால் தினமும் காலையில் எனக்குச் சாப்பாட்டு டப்பா கட்டினீர்கள். பஸ்ஸில் பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினீர்கள். ஒரு சொல், ஒரு பெருமூச்சு, ஒரு ஜாடை? எதுவும் கிடையாது. நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்பதுகூடத் தெரியாத அளவுக்கு மன்னித்திருந்தீர்கள்.

வீட்டில் அண்ணனுக்கு அது ஒரு கேலியாகிவிட்டது. யார் வந்தாலும், "எம் பொண்டாட்டி கை பட்டாக் கல்லும் கெட்டுப்போவும், லேபுல கேட்டுப் பாருங்க" என்பான். அவனுக்கு உண்மை தெரியாது. தெரிந்த நானும் உட்கார்ந்து சிரித்தேன். மூன்று வருடம் சிரித்தேன். பிறகு நீங்கள் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சூளை பற்றவைத்ததும் கம்பெனியிலிருந்து எனக்கு நன்றிக் கடிதம் வந்தது. லேபில் பேடா கொடுத்தார்கள், கை தட்டினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி டைரக்டர் என்னை அரைக்கிற அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண், "மேடம், ஆப்கோ கைசே பதா சலா?" என்று கேட்டாள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று.

"எனக்குத் தெரியல. எங்க மதினிக்குத்தான் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டேன். தமிழில்தான் வந்தது. பிறகு இந்தியில் முழுவதும் சொன்னேன், மணலைப் போடச் சொன்னது யார், கண்டுபிடித்தது யார், பழியை எடுத்துக்கொண்டது யார் என்று எல்லாம்.

டைரக்டர் பேடாவைக் கையில் வைத்தபடி நின்றார். "நம்ம இசக்கி பாயியா?" என்றார். பிறகு, "தொட்டியில போட்டேனே அவளை" என்றார். விசாரணை முடிகிற வரை என் கையெழுத்து உரிமையை நிறுத்தி வைத்திருக்கிறார். நியாயம்தான். அந்தக் குன்றின் ஃபைலில் புதிதாக ஒரு தாள் சேர்த்திருக்கிறார்கள். பிழையைக் கண்டவர் என்ற இடத்தில் இசக்கியம்மாள் என்று இருக்கிறது. இப்போது மேக்னசைட் வந்தால் யாரும் மணல் போடுவதில்லை, அதே கல்லால்தான் மிஷினைக் கழுவுகிறார்கள்.

லேபைவிட வீடுதான் கஷ்டமாக இருந்தது. செல்விக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதை நானே வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்துவிட்டாள். "மூணு சால் அத்த! மம்மி பாட்டில் தோத்தா, நீ சுப்சாப் இருந்தியா?" என்று கேட்டாள். மூன்று வருடம் அம்மா பாட்டில் கழுவினாள், நீ வாயைத் திறக்காமல் இருந்தாயா என்று. என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. உங்கள் மகள் வேறு எப்படி இருப்பாள்? கோபப்படட்டும், நீங்கள் படாத கோபத்தையும் சேர்த்து அவள் படட்டும்.

அண்ணன் உங்கள் படத்தின் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்: "நான் கேலி பண்ணும்போதுல்லாம் அவளும் சேந்து சிரிச்சாளே, கோமதி?"

ஆமாம் மதினி. எங்கள் எல்லாரையும்விட நீங்கள்தான் சத்தமாகச் சிரித்தீர்கள்.

மலர் வந்ததும், அண்ணன் அந்தக் கேலியை எந்தெந்த வீட்டு ஆட்களிடம் சொன்னானோ அத்தனை வீட்டுக்கும் இதை எடுத்துக்கொண்டு போவேன். தாராவியில் எத்தனை சந்து ஏறி இறங்க வேண்டியிருந்தாலும் சரி. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இது சத்தியம்.

நீங்கள் படிக்க வைத்த நாத்தனார்,
கோமதி