இரண்டு சுழி, மூன்று சுழி

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்க வேண்டும். கேட்டாயிற்று. கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் சொல்லி அழ உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

என் வலைப்பதிவு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிவு ஒன்றை எழுதி, 'வெளியிடு' பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இது வாரா வாரம் நடக்கிற கூத்துதான். பாதியை விழுங்கிவிட்டு 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று சொல்லும். இந்தத் தடவை 'புதிய பதிப்புக்கு மாறவும்' என்றது. மாறித் தொலைத்தேன். திறந்து பார்த்தால் எல்லாப் பதிவும் வெள்ளை! கால்நடை மருத்துவமணை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக நான் பார்த்த மாடு, நாய், கிளி, அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த மனிதர்கள், அத்தனையும் காலி. புகார் எழுதினேன். 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? பதிவுகள்தான் அழிந்தன. கீழே நீ போட்ட பின்னூட்டங்கள் ஒன்று விடாமல் நிற்கின்றன. 'இரண்டு சுழி ன, மூன்று சுழி அல்ல.' ஊரே பார்க்க நீ என் மானத்தை வாங்கியது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் புத்தகம் போடக் கேட்டிருக்கிறார் பதிப்பாளர். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? 'திரும்ப எழுதேன்' என்கிறார் உன் மாமா, என்னவோ சட்டையை இன்னொரு தரம் துவைக்கச் சொல்வது போல.

கையால் எழுதுகிறேன். இதையாவது எந்த வட்டமும் விழுங்காது.

அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

கடிதத்திலும் 'மருத்துவமணை'தானா? சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை.

அழாதே. கூட வரும் பார்சலைப் பிரி.

கோபத்தில் நீ பின்னூட்டப் பெட்டியைத்தானே பூட்டினாய்? படிக்கிற வாசலைப் பூட்டவில்லையே. பகலெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்துகிற கை சும்மா இருக்குமா? ஆரம்பத்திலிருந்தே உன் பதிவு வரவர நகலெடுத்து, என் கணினியில் வைத்துத் திருத்தி வந்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை. எல்லாம் அச்செடுத்துப் பார்சலில் இருக்கிறது, கடைசி ஞாயிறு எழுதியதைத் தவிர. அது வெளியே வரவே இல்லை.

திருத்தம் பிடிக்காவிட்டால் சொல், பழையபடி மாற்றித் தருகிறேன். எனக்கு அது கொடுமைதான், இருந்தாலும் செய்வேன்.

தம்பி

மார்ச் 14

என் தம்பிக்கு,

பார்சலைப் பிரித்ததும் தரையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். போன உயிர் வந்தது. சிரித்தேனா அழுதேனா என்று உன் மாமாவைத்தான் கேட்க வேண்டும்.

திருத்தம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுந்திருக்க முடியாத கன்றைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்த ஆள் பற்றி எழுதினேனே, அதில் 'கன்னுக்குட்டி'க்கு எல்லா இடத்திலும் மூன்று சுழி போட்டு 'கண்ணுக்குட்டி' ஆக்கியிருக்கிறேன். உன் புண்ணியத்தில் இப்போது எனக்கே தெரிகிறது. நீ ஒன்றைக்கூடத் தொடவில்லையே, தூங்கிவிட்டாயா?

அக்கா

மார்ச் 19

அக்கா,

தூங்கவில்லை. அந்த மனுஷர் அதை மடியில் போட்டுக்கொண்டு, 'எந்திரிடா, எந்திரிடா' என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார் என்று எழுதியிருந்தாய். அது எழுந்தும் நின்றது. அங்கே 'கண்ணுக்குட்டி' பிழை இல்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தால் நீ என்னைக் கூப்பிடுகிற பேர் அது. அதில் கை வைக்க மனசு வரவில்லை.

தம்பி

ஏப்ரல் 2

கண்ணுக்குட்டிக்கு,

பதிப்பகத்துப் பெண் போன் செய்தாள். "கன்னுக்குட்டிய எல்லா இடத்துலயும் தப்பா எழுதியிருக்கீங்களே, மாத்திடவா?" என்றாள். "ஒரு எழுத்தத் தொடாதம்மா, அது என் தம்பி பாத்து வேணும்னே விட்டது" என்றேன்.

பின்னூட்டப் பெட்டியைத் திறந்துவிட்டேன். அந்த ஞாயிறு காணாமல்போன பதிவை மறுபடி எழுதி, இப்போதுதான் பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றட்டும். உனக்கு ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து,
அக்கா