பவுனு அண்ணி சொன்ன டெஸ்ட்

11 நவம்பர் 2024, திங்கள்
டெல்லி மயூர் விஹாரில் இன்றும் புகை. ஜன்னலைத் திறக்கவில்லை. ஆபீஸ் கிளம்பும்போது போன் — இவருடைய அக்கா பவுனு அண்ணி, தேனியிலிருந்து. எங்கள் மகள் ஸ்நேஹாவின் சடங்கை ஊரில் வைக்கவில்லை என்று இரண்டு வருஷமாகப் பேசாதவர். எடுத்ததும், "எனக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சராம். அத விடு. ஒனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சுல்ல? டெஸ்ட் எடு இளவரசி. எனக்கு ஒண்ணுமே தெரியாம இருந்துச்சு."

தன்னைப் பற்றி ஒரே வாக்கியம். மீதி எல்லாம் என்னைப் பற்றி.

23 நவம்பர், சனி
எடுத்தாச்சு. ஐந்து நிமிஷம். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்?

5 டிசம்பர்
ஹெச்.பி.வி. பாசிட்டிவ், அந்தக் கேன்சரைக் கொண்டுவரும் வைரஸ். டைப் 16. நெட்டில் தேடியிருக்கக் கூடாது. உடலுறவில் தொற்றுமாம். ஐயோ, இவர்கிட்ட எப்படிச் சொல்றது? நான் என்ன தப்பு பண்ணேன்? இல்ல, இவரா — சீ, என்ன நினைப்பு இது.

6 டிசம்பர்
சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். "எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கப் போறதில்ல. நீயும் கேக்காத. டாக்டர்கிட்ட என்னைக்குப் போகணும்?"
இந்த மனுஷனோடு இன்னும் இருபது வருஷம் சண்டை போடலாம்.

18 டிசம்பர், புதன்
டாக்டர் ஸ்வப்னா தமிழ்தான், கோல் மார்க்கெட்டில் வளர்ந்தவர். "இது முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது வரும், தானா போயிடும். சிலருக்கு வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வெட்கப்பட ஒண்ணுமில்ல, சம்ஜே, புரிஞ்சுதா?"

டைப் 16-க்குள்ளேயே பல கிளைகளாம். மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள்தான் வித்தியாசம். சில கிளைகள் உடம்பைவிட்டுப் போகாமல் தங்கி, புற்றை உண்டாக்கும் வாய்ப்பு அதிகமாம். ஆராய்ச்சிக்கு என் சாம்பிளைக் கேட்டார். கையெழுத்துப் போட்டேன்.

அண்ணியிடம் சொன்னதும் சிரித்தார். "என்னோடதயும் எடுத்துக்கச் சொல்லு. நம்ம ரெண்டு பேரு கிருமியும் சொந்தமான்னு பாக்கட்டும்."
கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறவர் சிரிக்கிறார்!

9 ஜனவரி 2025
பயாப்ஸியில் புற்றுக்கு முந்தைய நிலை என்று வந்ததால், இன்று அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். மரத்துப்போக ஓர் ஊசி, இருபது நிமிஷம். மத்தியானம் வீட்டில் ரசஞ்சோறு. "இன்னும் சில வருஷம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

14 ஜூலை
நெகடிவ். நெகடிவ். நெகடிவ்.
ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். என் கிளை எது என்று தெரிய இன்னும் நாளாகுமாம். ஆகட்டும்.

2 ஆகஸ்ட், சனி
காலையில் ஸ்நேஹாவுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டோம். அழவில்லை, ஐஸ்கிரீம் மட்டும் கேட்டாள்.

அண்ணி வந்து நாலு நாள் ஆகிறது. சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேன் சுத்தம். ஆள் பாதியாகிவிட்டார். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட் வரை நடந்தார். கறிகாய்க்காரர், "தீதீ ஹைன் ஆப்கீ?" என்றார், உங்கள் அக்காவா என்று. நாத்தனார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹிந்தியில் நாலு வார்த்தைகூடத் தெரியாத அண்ணி முந்திக்கொண்டு, "ஹாங்" என்றார், ஆமாம் என்று, கடைத்தெருவுக்கே கேட்கும்படி.

நான் திருத்தவில்லை.