மாடு பிரிக்கும் வாசல்

மச்சாள்,

நீர் குதிரைப் பண்ணைக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தான் தொங்குகிறது. குதிரை மணம் உம்முடைய மருமகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று லண்டனில் உம்முடைய பிளேஸ்டோ வீட்டிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு எங்களிடம் வந்து சேர்ந்த கோட்டு. இன்று காலை என்னுடையதை எடுக்கக் கையை நீட்டினேன், உம்முடையது முகத்தில் பட்டது. ஈரத் தோலும் வைக்கோலும் வியர்வையும் கலந்த அந்த மணம். உம்மை நினைத்து அழுகை வந்திருந்தால் முறையாக இருந்திருக்கும். வந்தது பயம். நீர் இல்லாமல் முதல் தடவையாகப் பண்ணைக்குப் போகப்போகிறேன் என்ற பயம்.

உம்முடைய அண்ணை குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று என்னையே பார்த்தார். "தங்கச்சியும் போட்டாள். உமக்கும் ஏதும் நடந்தா நான் ஆரோடை இருக்கிறது?" என்றார். நீர் போனது மாரடைப்பில், அதுவும் சுப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது. குதிரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா? "போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இந்த வில்லங்கத்துக்குள் என்னை இழுத்துவிட்டது நீர் தான். உம்மோடு வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி, அப்மின்ஸ்டருக்கு அங்கால் ஒரு பண்ணையில் ஆட்களுக்குக் குதிரையில் ஏறி ஓடப் பழக்குகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். "கொலஸ்ட்ரோல் குறையுமாம் மச்சாள், வாரும்" என்றீர். ஐம்பது தாண்டிய யாழ்ப்பாணத்துப் பொம்பிளைகள் இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமையில், டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனோம். குதிரை மட்டும் என்று நம்பித்தான் வந்தேன். மாடும் உண்டு என்று நீர் மூச்சே விடவில்லை.

ஆட்டம் இது தான்: பக்கத்துப் பக்கத்தில் வேலியடைத்த இரண்டு பட்டி, நடுவில் ஒரு திறந்த வாசல். ஒரு பட்டிக்குள் முதுகில் இலக்கம் ஒட்டிய மாடுகள். குதிரையில் இருக்கிற இரண்டு பேர் அவற்றை இலக்க ஒழுங்கில் ஒவ்வொன்றாக மற்றப் பட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் கூட்டத்துக்குள் போய்ப் பிரித்து வருவார். மற்றவர் வாசலில் நின்று சரியான மாட்டை விட்டு, பிழையானதை மறிப்பார். பிழையானது ஒன்று தாண்டினாலும் முழு ஆட்டமும் போச்சு. இடத்தை மாற்றி மாற்றி நிற்கலாம். நீர் ஒரு நாளும் மாற்றவில்லை. "நீர் வாசலிலை நில்லும், உள்ளுக்கை நான் பாக்கிறன்" என்பீர். பயந்தாங்கொள்ளி என்று இரங்கிச் சுகமான வேலையைத் தந்திருக்கிறீர் என்று நானும் நினைத்திருந்தேன்.

எனக்கு மாடென்றால் ஏன் பயம் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து போன அன்று, மழைக்குள், சனம் நெருக்குண்டு நின்ற ரோட்டில், ஷெல் சத்தத்துக்கு வெருண்ட மாடுகள் எதிரே ஓடிவந்தன. நான் விழுந்துவிட்டேன். நீர் தான் கையைப் பிடித்து வாய்க்காலுக்குள் இழுத்தீர். அப்போது நாங்கள் அயல்வீட்டுப் பிள்ளைகள், நான் உம்முடைய அண்ணையைக் கட்டியது பிறகு தான். அன்றிலிருந்து ஒரு மாடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாலே ரோட்டின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன்.

முதல் நாள் என் குதிரை அசையவே மாட்டேன் என்று நின்றது. குதிக்காலால் விலாவில் தட்டச் சொன்னார் பண்ணைக்காரி ஜேன். தட்டினேன். உடனே குனிந்து அதன் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு உயிரைக் காலால் உதைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கும்பிடு. எனக்குக் கண்ணில் ஏதும் வருத்தமோ என்று ஜேன் உம்மிடம் விசாரிக்க, நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்.

போன கோடையில் நடந்த போட்டியில் அது சிரிப்பாக இருக்கவில்லை. வாசலில் நின்று ஏழு மாட்டைச் சரியாக அனுப்பிவிட்டேன். எட்டாவதாக வந்த சிவப்புப் பசு என் காலோடு உரசிக்கொண்டு போனது, சப்பாத்து அதன் விலாவில் நன்றாகவே பட்டது. கை தானாகக் கடிவாளத்தை விட்டது. நான் தொட்டு ஒற்றுவதற்குள் குதிரை முன்னால் நடந்துவிட்டது. பின்னால் இன்னொரு மாடு நழுவி உள்ளே போனது. நடுவர் கையைக் காட்டி ஆட்டத்தை நிற்பாட்டினார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். நீர் பக்கத்தில் குதிரையை நிறுத்தி, "பரவாயில்லை, எங்களுக்குப் புண்ணியமாவது மிஞ்சிச்சுது" என்றீர்.

இன்று என்னோடு சோடி சேர்ந்தவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவர், நெட்டையான மனிதர். தனக்கு வாசலில் நின்று தான் பழக்கம் என்றார். அப்படியென்றால் உள்ளே போக வேண்டியது நான். இறங்கி வீட்டுக்குப் போய்விடுவோமா என்று உண்மையாகவே யோசித்தேன். குதிரை என் தயக்கத்தை உணர்ந்து காதைப் பின்னால் திருப்பியது. இந்த இடத்துக்குள்ளா நீர் ஒவ்வொரு ஞாயிறும் சிரித்துக்கொண்டு போனீர் என்று நினைத்தேன்.

கூட்டத்தை நோக்கி நடந்தேன். மாடுகள் என்ன செய்தன தெரியுமா? திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போயின. என் கண்ணில் பட்டதெல்லாம் வாலும் பின்தொடையும் தான். ஒன்றுகூட என்னை நோக்கி வரவில்லை. தொடங்கச் சொன்ன மூன்றாம் இலக்கத்தைப் பிரித்து அனுப்பினேன், பிறகு நாலாவதை. அப்போது தான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். அந்த மாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு நேரே அந்த மனிதரின் மேல் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் அன்று வந்த மாதிரியே.

கள்ளி. இவ்வளவு காலமும் சுகமான வேலையை நீர் வைத்துக்கொண்டு, நேரே வருகிறதை எல்லாம் என் தலையில் கட்டியிருக்கிறீர். குதிரையின் மேல் இருந்தபடியே எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. அன்று நான் முகங்குப்புறக் கிடந்தேன், சேற்றைத் தவிர ஒன்றையும் காணவில்லை. அந்த மாடுகள் வந்ததைக் கண் மூடாமல் பார்த்தவர் நீர். அதனால் தான் ஒரு நாளும் வாசலில் நிற்கவில்லை, உமக்கும் பயம். என்னைவிடப் பயம். அதைப் போக்கத்தான் அப்மின்ஸ்டர் வரைக்கும் போயிருக்கிறீர், தனியே போக ஏலாமல் என்னையும் இழுத்திருக்கிறீர். குடும்பமே பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணும் என்னை, உமக்கு முன்னால் நிற்க நம்பியிருக்கிறீர். இதை உம்மிடம் கேட்டுச் சண்டை பிடிக்க இப்போது நீர் இல்லை, அது தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த சுற்றுக்கு யார் வாசலில் என்று ஜேன் கேட்டார். டிரைவர் வாயைத் திறக்க முன்னம் நான் கையைத் தூக்கிவிட்டேன். மாடுகள் வந்தன. ஒன்று கிட்ட வந்து மூச்சு விட்டபோது கண்ணை மூடப் பார்த்தேன், மூடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்முடைய அண்ணை, "பயமா இருக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"பயந்தனான். நிண்டனான்" என்றேன்.

அவர் என் கோட்டை வாங்கி உம்முடையதற்குப் பக்கத்தில் கொழுவினார். அடுத்த ஞாயிறும் போவேன், மச்சாள். நீர் என்னை நிற்கச் சொன்ன இடத்திலேயே நிற்பேன். பயமாகத்தான் இருக்கிறது.