சேத்துக் கால்

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுச் சாப்பிடுங்க.

குழாய்க்காரர் மிச்ச வேலைக்கு வருவார். நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டிருக்கேன். நேத்துக் காலையில சபையில பிரசங்கம் பண்ணும்போது, ஆண்டவர் சீஷர்களோட காலைக் கழுவினதைச் சொல்லி எல்லாரையும் அழ வச்சீங்க. சாயங்காலம் அந்த மனுஷன் நம்ம சாக்கடை அடைப்பை எடுத்துட்டு, குடிக்கத் தண்ணி கேட்டு வந்தா, "சேத்துக் காலோட உள்ள வராதடா"ன்னு கத்துறீங்க. உங்களைவிட வயசுல பெரியவர். எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துடலாம் போல இருந்துச்சு. ஏன் இப்படின்னு நான் கேட்டதுக்கு ராத்திரி பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க.

இன்னைக்காவது "வாங்கண்ணே"ன்னு கூப்பிட்டு, உட்கார வச்சுத் தண்ணி குடுங்க. தரையை நான் வந்து துடைச்சுக்கிறேன்.

பி.கு.: சின்னவ காலையில பொம்மையை வாசல்ல நிறுத்தி, "உள்ள வராதடா"ன்னு அதட்டிக்கிட்டிருந்தா. என்னடி விளையாட்டு இதுன்னு கேட்டேன். "நான்தான் அப்பா"ன்னா.